எந்தக் காடு, எந்தக் கடல் என்று நீ கேட்டதற்கு

உ

கள்ளிக்குப்பம்,
அம்பத்தூர், சென்னை – 53.
23.6.96, ஞாயிறு.

அன்பு மகள் நாகவல்லிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், என் உடம்பும் இருக்கிறது, இரண்டும் பெரிய தகராறு இல்லாமல் ஒரே வீட்டில் காலம் தள்ளுகின்றன. நைரோபியில் நீ, மாப்பிள்ளை, பேரன் கதிர், உன் அம்மா நாலு பேரும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் கதவைத் திறக்கிறேன், அது நிஜம்தான் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் போதும். குழந்தைக்கு ஏழாம் மாதம் உட்கார வரும், அணை வைக்காமல் விடாதே. ஸ்வெட்டர் போட்டாயிற்று என்று தலைக்கு ஒன்றும் போடாமல் வெளியே தூக்கிப் போகாதே, குளிர் தலை வழியாகத்தான் இறங்கும்.

நீ அனுப்பிய பெரிய கவர் ஐந்தாம் தேதி வந்தது. தபால்காரர் அதை மடிக்க மனசில்லாமல் தாம்பூலத் தட்டு மாதிரி இரண்டு கையில் ஏந்திக்கொண்டு வந்ததால் தெரு முழுக்கப் பார்த்துவிட்டது. உள்ளே வழவழ தாளில் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, அப்புறம் நீலக் கடல், அதன் கரையில் துணி பற்றாக்குறையோடு வெள்ளைக்காரர்கள். எதிர் வீட்டுக் கன்னியப்பன் அந்தக் கடல் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று எடுத்துப் போனான், அரை மணியில் அவன் பெண்டாட்டி புஷ்பா பிடுங்கிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தாள். உன் கடிதத்தில் மூன்று பக்கம் நான் ஆகஸ்டில் மூன்று வாரம் அங்கே வருவது பற்றி, எந்தக் காட்டுக்குப் போகலாம், எந்தக் கடற்கரையில் தங்கலாம், நீங்களே தேர்ந்தெடுங்கள் அப்பா என்று. நாலாம் பக்கத்தின் அடியில் நாலே வரி, செப்டம்பரில் நீ திரும்ப ஸ்கூல் வேலைக்குப் போகிறாய், கதிரைப் பார்த்துக்கொள்ள அம்மா வருகிற சித்திரை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், நீங்கள்தான் போனிலேயே சரி சொல்லிவிட்டீர்களே என்று. அந்த மூன்று பக்கத்துக்கும் பதில் எழுதுகிறேன், இந்த நாலு வரிக்கும் எழுதுகிறேன். எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல்தான் பதினெட்டு நாள் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

முதலில் சுலபமானது. எஸ்.எஸ்.எல்.சி.யில் பூகோளத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கி அதோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டவனிடம் நீ ஆப்பிரிக்காவைக் கொடுத்துத் தேர்ந்தெடு என்கிறாய். பெயர் என்னவோ உலகநாதன், பார்த்த உலகம் வடக்கே திருப்பதி, தெற்கே சமயபுரம், மீதி நாளெல்லாம் எஸ்டேட்டில் லேத் மிஷின் முன்னால். சரி, பொறுப்பை வாங்கியாயிற்று என்று கிளை நூலகத்துக்குப் போய் அட்லஸ் கேட்டேன், ஆப்பிரிக்கா இருந்த தாளை மட்டும் எவனோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறான், அவன் எங்கே போனானோ. பிறகு கன்னியப்பனின் சின்னப் பெண்ணுடைய ஸ்கூல் அட்லஸை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்தேன். அன்றையிலிருந்து அங்கே தினமும் காலையில் ஒரு கூட்டம்தான். பேப்பரில் புது ஆட்சி, புது மந்திரி என்று எவ்வளவோ இருக்க, எங்கள் பெஞ்சில் மட்டும் சிங்கம்.

மசாய் மாரா என்று நீ முதலில் போட்டிருந்தாயே, ஆகஸ்டில் மாட்டு முகமும் குதிரை உடம்புமாய் இருக்கிற அந்த மிருகங்கள் லட்சக்கணக்கில் ஆற்றைத் தாண்டும், ஆற்றில் முதலை காத்திருக்கும், உலகத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது என்று. படத்தைக் கன்னியப்பனிடம் காட்டினேன். அவன் டீயை வைத்துவிட்டு, "இன்னா மாமே, காலீல எட்டு மணி லோக்கலுக்கு நம்ம ஸ்டேஷன்ல ஏறாத கூட்டமா இது? இதப் பாக்க ஏரோப்ளேன் ஏறணுமா? அங்க முதலை கீது, இங்க செக்கரு கீறாரு, அவ்ளோதான் வித்தியாசம்" என்றான். அதற்கு அடுத்தது வாயில் நுழையாத அந்த ஙொரொங்கொரோ, மலையே பெரிய அண்டா மாதிரி குழிந்து அதன் அடியில் எல்லா மிருகமும் மேய்கிறது. புஷ்பா அதைப் பார்த்துவிட்டு, "கூடை போட்டுக் கவுத்த கோழி மாதிரி ஒண்ணும் எங்கயும் ஓடாது, வயசானவங்களுக்கு இதான் வசதிண்ணா" என்று எனக்குச் சிபாரிசு செய்தாள். ஆனால் அது பக்கத்து தேசத்தில் இருக்கிறது, தனி விசா வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு விசாவுக்கே என் போட்டோவில் காது தெரியவில்லை என்று இரண்டு தடவை எடுக்க வைத்தார்கள். நகுருவில் ஏரி முழுக்க ரோஸ் கலர்ப் பறவை, அழகுதான், ஆனால் வேடந்தாங்கலுக்கே நான் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போகவில்லை என்று உன் அம்மா குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது அங்கே போய் நின்றால் அந்தப் பழைய கணக்கைத்தான் எடுப்பாள். அம்போசெலி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, வரிசையாய் யானை, பின்னால் பனி போட்ட மலை. அந்தப் படத்தை வெட்டி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

கடலுக்கு நம்ம சுலைமானைத்தான் கேட்டேன். என்னோடு கம்பெனியில் இருந்தவர், இப்போது ஓ.டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், உனக்கு ஞாபகம் இருக்கும், உன் மார்க் ஷீட்டுக்கெல்லாம் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தவர். அவருடைய அண்ணன் மொம்பாசாவில் பதினோரு வருஷம் சமையல்காரராக இருந்து வந்தவர். கடையை விட்டுவிட்டு என்னை அண்ணன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். பெரியவர் சொன்னது, சான்சிபார் போனால் கப்பல் கரை தட்டுமுன்னே கிராம்பு வாசனை வரும், பல்வலிக்காரனுக்கு அங்கே போனாலே சரியாகிவிடும். மாலிந்தி வெள்ளைக்காரன் வெயில் காய்கிற இடம், "நாம காயறதுக்கு இன்னா இருக்குது, ஏற்கெனவே காஞ்சிதான கீறோம்". மொம்பாசாதான் நம்ம மாதிரி ஆளுக்கு, தேங்காய் இருக்கிறது, மீன் இருக்கிறது, அரிசியும் இருக்கிறது, நைரோபியிலிருந்து ரயிலில் சாயங்காலம் ஏறினால் காலையில் சாவோ காட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகவே யானை தெரியும், செம்மண்ணில் புரண்டு செங்கல் நிறத்தில் நிற்கும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் தன் வீட்டுக்காரியை ஒரு தடவைகூட அங்கே அழைத்துப் போகவில்லையாம், அழைத்துப் போயிருக்கலாம் உலகநாதா என்று என்னிடம் சொன்னார். அந்தம்மா உள்ளேயிருந்து, "இப்ப சொல்லு, நல்லா சொல்லு" என்றாள். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இப்போது அந்த நாலு வரி. வல்லி, மே மாசம் முதல் ஞாயிறு நீ கன்னியப்பன் வீட்டுக்குப் போன் செய்தாயே, அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் போன். ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனை எடுத்ததும் மரியாதைக்காக டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். நீ, "அப்பா, அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குதா" என்று கேட்கிறாய். அறுபது வயசு ஆம்பளை, அத்தனை பொம்பளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, என் பெண்டாட்டியை அனுப்பிவிடு என்று எப்படிச் சொல்வான்? அதனால், "எனக்கு இன்னா கஷ்டம், ஒரு குறையும் இல்ல, எத்தினி மாசம் வேணுமோ இருக்கட்டும்" என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். வைத்ததும் கன்னியப்பன், "அண்ணி இல்லாம ஜாலியாத்தான் கீறே மாமே" என்றான், பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன்.

அதை நீ அப்படியே எடுத்துக்கொண்டாய், உன் மேல் தப்பு இல்லை. ஆனால் உன் கடிதத்தில் அம்மா சொன்னதாக ஒன்று எழுதியிருக்கிறாய், "அவருக்கு இன்னா, நான் இல்லாம நிம்மதியா கீறாரு, போன்ல கத்தினது எனுக்கே கேட்டுது" என்று. வேடிக்கையாகச் சொன்னாள் என்று நீ எழுதியிருக்கிறாய். அவள் வேடிக்கையாக எதையும் சொல்ல மாட்டாள், அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் எழுதியிருக்கிறாய், ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற காட்டுக்கு மாப்பிள்ளை மூன்று தடவை காரை எடுத்துக்கொண்டு கூப்பிட்டும் அம்மா வரவில்லை, ஒரு தடவை மூட்டு வலி, ஒரு தடவை குழந்தைக்கு மூக்கு ஒழுகுது, மூன்றாம் தடவை சிங்கம் எங்கே போகப்போகிறது என்று. நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம் தீவுத்திடலில் பொருட்காட்சி போட்டார்கள், எனக்கு மாசம் முழுக்க இரண்டாம் ஷிஃப்ட், தெருப் பெண்கள் எல்லாம் கிளம்பிப் போனார்கள், இவள் மட்டும் மூட்டு வலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். அப்போது அவளுக்கு வயசு இருபத்தெட்டு. கடைசி நாள் எனக்கு லீவு கிடைத்தது, அன்றைக்கு ராட்டினம் முதல் டெல்லி அப்பளம் வரைக்கும் ஒன்று விடாமல் நடந்தாள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. அந்த மூட்டு வலி அப்படிப்பட்டது. அதனால் டாக்டரிடம் போக வேண்டாம்.

என் பக்கத்துச் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். பால் கார்டில் இன்னும் அரை லிட்டர்தான் வருகிறது, கால் லிட்டராகக் குறைக்க எனக்குக் கை வரவில்லை, மிச்சத்தைத் தயிராக்கி புஷ்பா வீட்டுக்குக் கொடுக்கிறேன், அவர்கள் என் தயிரைத் தின்று தின்று களைத்துவிட்டார்கள். என் ரசத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே, நானே கேட்பதில்லை. இதெல்லாம் பரவாயில்லை, சமாளித்துக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி இங்கே ஒரு மழை, நீ பேப்பரில் பார்த்திருக்க மாட்டாய், ஜூன் மாசத்தில் இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். ஏரிப் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்து தெருவில் முழங்காலுக்கு நின்றது, பத்து மணிக்கெல்லாம் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. அரிசி டின்னை மேலே ஏற்றினேன், கேஸைக் கல்லின் மேல் வைத்தேன், அம்மாவின் பட்டுப் புடவை இருக்கிற டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது, அதை இழுத்து ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இந்தா, அந்தப் பக்கம் பிடி" என்றேன். பிடித்தபடி நின்றேன். தண்ணீர் ஓடுகிற சத்தம்தான். அந்தப் பக்கம் தூக்கவில்லையே என்று, "இன்னாடி, பிடின்றேன் இல்ல" என்று இன்னொரு தடவையும் சொன்னேன். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. கன்னியப்பன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து வாசலில் நின்று, "யாரோட மாமே பேசிகினு கீறே?" என்றான். டிவியில் ஏதோ சொன்னான், அதைத் திருப்பிச் சொன்னேன் என்றேன். "கரண்டு போய் ரெண்டு மணி நேரமாவுது" என்றான். அப்படியே உள்ளே வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்தான், பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்தோம். புடவை ஒன்றும் நனையவில்லை என்று அம்மாவிடம் சொல். அன்றையிலிருந்து கன்னியப்பன் ஜாலி என்ற வார்த்தையை என்னிடம் சொல்வதில்லை.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடித்ததும், செவ்வாய்க்கிழமை கிண்டிக்குப் போய் உங்கள் ஊருக்குப் போட வேண்டிய மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். ஃபாரத்தில் எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம். முன்னால் நின்றவர்கள் எல்லாம் வேலை, வியாபாரம் என்று எழுதினார்கள். ஊசி போடுகிற அம்மா, "பெரியவரே, நீங்க இன்னாத்துக்குப் போறீங்க, சுத்திப் பாக்கவா?" என்று கேட்டாள். "பொண்டாட்டியப் பாக்க" என்று சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவளிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பார். "பாத்து எத்தினி மாசமாச்சு" என்றாள், ஏழு மாசம் என்றேன். "அவங்களுக்குத் தெரியுமா நீங்க வர்றது" என்றாள். இன்னும் எழுதவில்லை என்றேன். "எழுதுங்க முதல்ல" என்று கையை அழுத்திப் பிடித்துக் குத்தினாள். மஞ்சள் கார்டு கொடுத்திருக்கிறார்கள், பத்திரமாக இருக்கிறது.

ஆகவே அப்பா தேர்ந்தெடுத்தது இது. காட்டுக்கு சாவோ, கடலுக்கு மொம்பாசா, இரண்டும் ஒரே வழி. போக வர எல்லாம் சேர்த்து ஐந்து நாள். மாராவுக்கு நீயும் மாப்பிள்ளையும் கதிர் பெரியவனானதும் போய்க்கொள்ளுங்கள், அந்த மிருகங்கள் அப்போதும் ஆற்றைத் தாண்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மூன்று வாரத்தில் திரும்ப நான் வரவில்லை. ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் வருகிறேன், கார்த்திகை முடிகிற வரைக்கும் இருக்கிறேன். ரிட்டயர் ஆனபின் திருமழிசையில் நான் பார்க்கிற டைம் ஆபீஸ் வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன், அவர்களும் தடுக்கவில்லை, கொஞ்சம் தடுத்திருக்கலாம். நீ ஸ்கூலுக்குப் போ, கதிரை நான் தூக்கி வைத்துக்கொள்கிறேன், உன் அம்மா ஏழு மாசமாக நிற்கிற காலைக் கொஞ்சம் நீட்டி உட்காரட்டும். டிசம்பரில் உனக்கு ஸ்கூல் லீவு விடும்போது அவளும் நானும் சேர்ந்து கிளம்புகிறோம். அப்புறம் சித்திரை வரைக்கும் நாலு மாசம் உனக்குக் கஷ்டம்தான், அது தெரிந்துதான் கேட்கிறேன். மாடி வீட்டுக் குஜராத்தி அம்மா நல்ல ஆயா ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அவளை ஐப்பசியிலேயே வரச் சொல், அம்மா பக்கத்தில் இருந்து ஒரு மாசம் பழக்கிவிடட்டும். இந்தக் கிழவன் பெண் பிள்ளையின் கஷ்டத்தைப் பார்க்காமல் தன் சௌகரியத்தைப் பார்க்கிறான் என்று நீ நினைத்தால், நினைத்துக்கொள், அது உண்மைதான். மாப்பிள்ளைக்கு இது சரிப்படாவிட்டால் அவர் தயங்காமல் எனக்கு ஒரு வரி எழுதட்டும், வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புரிந்துகொள்வேன்.

வல்லி, நான் எழுதுகிற எல்லாக் கடிதத்தையும் நீ சமையல்கட்டில் நின்று அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாய், மாப்பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார் என்று தெரியும். அவளுக்கென்று தனியாக எழுதலாம் என்றால், எழுத்துக் கூட்டி அவள் முதல் பக்கம் முடிப்பதற்குள் நானே வந்து இறங்கிவிடுவேன். நம் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிற வழக்கமும் இல்லை. அதனால் ஏழு மாசமாக மழை, வெயில், தண்ணீர் லாரி என்றே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு இடத்தை மட்டும் முழுங்காமல் சத்தமாகப் படி, மாப்பிள்ளை இருந்தால் இருக்கட்டும், அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுப் படி. மே மாசம் போனில் நான் சொன்னது பொய். எனக்கு இங்கே நிம்மதி இல்லை. நீ இல்லாத வீட்டில் இருக்க எனக்குத் தெரியவில்லை, பொன்னி.

கதிருக்கு என் முத்தம், அவன் இன்னும் பார்க்காத தாத்தாவின் மீசையைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வை, பார்த்து அழக் கூடாது. மாப்பிள்ளைக்கு என் அன்பு, காரை மெதுவாக ஓட்டச் சொல். நீ சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே. எல்லாரும் நீண்ட ஆயுசோடு, குறைவில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன், ஆடியில் கூழ் ஊற்றும்போது நாலு பேர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பாத்திரத்தை இறக்குவேன். ஒன்றை மறந்துவிடாதே. டிக்கெட் எடுக்கும்போது வருவதற்கு எனக்கு ஒன்று, திரும்புவதற்கு இரண்டு. பக்கத்துப் பக்கத்து சீட்டாகக் கேட்டு வாங்கு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. உலகநாதன்